கேடட் பட்டையை எதை வைத்து வழங்குவது? சில நாடுகளின் முறைகளும் ஒரு தோட்டப்புற நகரின் தேவையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் நான் பகுதிநேரப் பயிற்றுநராக உதவிவரும் இடைநிலைப்பள்ளியின் கடற்படை கேடட் பிரிவில், அடுத்த ஆண்டு முதல் பதவி உயர்வுக்கு மாணவர்களை எந்த முறையில் பரிந்துரைப்பது என்பதைப் பொறுப்பாசிரியர்களும் பெற்றோர் சிலரும் சேர்ந்து முடிவு செய்யவிருக்கிறார்கள். இதுவரை எழுதிவைத்த முறை என்று ஒன்று எங்களிடம் இருந்ததில்லை. ஐந்தாம் படிவத்தில் இருந்துகொண்டு சனிக்கிழமைப் பயிற்சிக்குத் தவறாமல் வந்தவருக்குப் பதவியைக் காட்டும் கைப்பட்டைகளுள் மேல்பட்டை, நான்காம் படிவத்தாருக்கு அதற்கு அடுத்தது, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்பதே பழக்கமாக இருந்தது. இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்கிறவர்களும், எழுத்துத் தேர்வு வைக்க வேண்டும் என்கிறவர்களும், ஆசிரியரே தகுதியானவரைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அரச மலேசியக் கடற்படையில் மாலுமியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால் என் கருத்தையும் எழுதித் தரும்படி கேட்டார்கள். வெளிநாடுகளில் இதே வயதுப் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் கடற்படை இளைஞர் அமைப்புகள் பதவி உயர்வை எப்படி வழங்குகின்றன என்பதையும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிகளின் கேடட் பிரிவுகள் தேசிய அளவில் வகுக்கப்பட்ட விதிகளுக்கு உட்பட்டவை. பட்டைகளின் பெயரையோ வரிசையையோ நாம் மாற்ற முடியாது. அந்த விதிகளுக்குள், யாரை எப்போது எந்தத் தகுதியின் பேரில் பரிந்துரைப்பது என்பதுதான் பிரிவின் கையில் இருக்கிறது. அது சிறிய அதிகாரம் போலத் தோன்றலாம், ஆனால் பரிந்துரைக்கப்படாத பிள்ளைக்கு மற்ற விதிகள் எல்லாம் இருந்தும் இல்லாதவையே.

பட்டைகளைப் பற்றித் தெரியாத பெற்றோருக்காக ஒரு விளக்கம். நம் கடற்படையில் அதிகாரி அல்லாதோரின் பதவிகள் லஸ்கார் இரண்டாம் நிலை, லஸ்கார் முதல் நிலை, லஸ்கார் கானான், பிந்தாரா மூடா, பிந்தாரா கானான், அதன் மேல் பெகாவாய் வாரான் இரண்டாம், முதல் நிலைகள் என ஏறிச் செல்கின்றன. தரைப்படையில் கோப்ரல், சார்ஜன் என்று நாம் கேட்டுப் பழகிய பெயர்களுக்கு இணையான கடற்படைப் பெயர்கள் இவை. பள்ளிக் கேடட் பிரிவுகளும் இந்தப் பெயர்களைத் தழுவியே தங்கள் பதவிகளை அழைக்கின்றன. ஆனால் பள்ளியில் பிந்தாரா மூடா பட்டை அணிந்த மாணவரும், பின்னாளில் கடற்படையில் சேர்ந்தால், ஜோகூரின் தஞ்சோங் பெங்கெலேயில் உள்ள பயிற்சி மையத்தில் மற்ற எல்லாரையும் போலப் புதிய பயிற்சி வீரராகவே தொடங்குவார். பள்ளிப் பட்டையைக் கடற்படை வேலைக்கான முன்பணமாகக் கருதும் பெற்றோர் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் இத்தனை விவாதம் எதற்கு என்று கேட்கலாம். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான சேர்க்கையில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் 10 விழுக்காட்டைக் கணக்கிடும்போது வருகை, ஈடுபாடு, அடைவு ஆகியவற்றோடு வகிக்கும் பதவியும் பார்க்கப்படுகிறது. ஒரு புள்ளி, அரைப் புள்ளி வித்தியாசத்தில் மருத்துவமோ பொறியியலோ கைதவறிப் போவதைக் கண்ட பெற்றோர் பட்டையைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. என் கவலை அதற்கும் சற்று முந்தியது. பதின்மூன்று வயதில் சீருடை அணிந்து திடலில் நிற்கிற பிள்ளை, தான் கற்றது கவனிக்கப்படுகிறது என்பதை முதன்முதலில் உணர்வது கையில் ஏறும் அந்தத் துணிப்பட்டையால்தான்.

இப்போதுள்ள பழக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படிவ வரிசைப்படி பட்டை கொடுப்பதில் சண்டை இல்லை, கணக்கும் எளிது. மூத்த மாணவர் இளையவரை வழிநடத்துவது நம் வீடுகளில் அண்ணன் தங்கையைப் பார்த்துக்கொள்வது போல இயல்பாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் இதில் மூன்று பெரிய குறைகள் உள்ளன. முதலாவதாக, முதல் மூன்று படிவங்களில் இருப்பவர்களுக்கு எட்டிப் பிடிக்க ஒன்றுமே இல்லை. மூன்று ஆண்டுகள் வெறுமனே வரிசையில் நிற்கும் பிள்ளைகளுள் பலர் நான்காம் படிவத்துக்கு வருவதற்குள் ஆர்வம் இழந்துவிடுகிறார்கள். இரண்டாவதாக, ஐந்தாம் படிவத்தில் பட்டை கிடைக்கும்போது, அந்தப் படிவத்தின் இறுதியில் எழுத வேண்டிய எஸ்.பி.எம். அரசுத் தேர்வு நெருங்கிவிடுகிறது. பட்டை ஏறிய சில மாதங்களில் அந்த மாணவர் பயிற்சிக்கு வருவதே குறைந்துவிடுவதால், தலைமை தாங்கக் கற்றுக்கொள்ளும் காலம் அவருக்குக் கிடைப்பதில்லை.

மூன்றாவது குறை, எங்கள் ஊரின் அமைப்பிலிருந்து வருவது. சுங்கை சிப்புட் நகரத்துக்குள் வசிக்கும் பிள்ளைக்குச் சனிக்கிழமைப் பயிற்சி என்பது பத்து நிமிட நடை. எல்பில், டோவன்பி, ஹேவுட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு அது ஒரு பயண ஏற்பாடு. பள்ளி வேன் சனிக்கிழமை ஓடினால்தான் வர முடியும். ஓடாத வாரம் அப்பாவின் மோட்டார் சைக்கிளை நம்ப வேண்டும். அப்பாவோ செம்பனைக் குலை வெட்டும் வேலைக்கு விடியற்காலையிலேயே போய்விட்டிருப்பார். ஆகவே வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பட்டை கொடுத்தால், நாம் உண்மையில் அளப்பது ஒழுங்கை அன்று, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள தூரத்தை. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் கயிற்று முடிச்சுகளை என் வகுப்பில் யாரையும்விட வேகமாகப் போடுவேன். திசைகாட்டியின் 32 முனைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பள்ளிக்குப் பேருந்து வராத சனிக்கிழமைகள் அதிகம் என்பதால் பள்ளியை விட்டு வெளியேறும் வரை என் கை வெறுமையாகவே இருந்தது. பயிற்சி ஆசிரியர் கெட்டவர் அல்லர். அவரிடம் இருந்த ஒரே அளவுகோல் பதிவேடு.

படிவ வரிசையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுள் மலாய்மொழியில் தேர்ச்சி போதாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டே முதலாம் படிவத்துக்குச் செல்கிறார்கள். அந்த ஓராண்டிலும் ஒரு பிள்ளை சீருடை அணிந்து பயிற்சிக்கு வந்திருக்கக்கூடும். படிவத்தை எண்ணினால் அந்த ஆண்டு காணாமல் போகிறது. சேர்ந்த நாளிலிருந்து மாதங்களை எண்ணினால் அது கணக்கில் வருகிறது.

இனி அமெரிக்க முறைக்கு வருகிறேன். அங்குள்ள கடற்படைக் கேடட் படை 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1962ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அங்கீகாரம் பெற்றது. 13 வயது நிரம்பியவர்கள் இதில் சேரலாம். அதற்கும் இளையவர்களுக்கு, 10 வயதிலிருந்து, தனிப் பிரிவு இருக்கிறது. பதவிகள் கடற்படையின் வரிசையையே பின்பற்றுகின்றன: சீமேன் ரெக்ரூட்டில் தொடங்கி, சீமேன் அப்பரன்டிஸ், சீமேன், பின்னர் பெட்டி ஆபீசரின் மூன்று நிலைகள், உச்சியில் சீஃப் பெட்டி ஆபீசர். மொத்தம் ஏழு படிகள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகக் குறைந்தது ஆறு மாதங்களாவது முந்தைய படியில் இருந்திருக்க வேண்டும்; அதற்குரிய பாடநூல் பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும்; உடற்தகுதிச் சோதனையில் தேற வேண்டும்; பிரிவுத் தலைவரின் பரிந்துரையும் வேண்டும். முதல் ஏற்றத்துக்கே தங்கிப் பயிலும் அடிப்படைப் பயிற்சி முகாம் கட்டாயம். பெட்டி ஆபீசர் நிலையை எட்டும்போது எழுத்துத் தேர்வும் சேர்ந்துகொள்கிறது.

இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது அதன் வெளிப்படைத்தன்மையை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இவற்றையெல்லாம் நீ முடித்தால் உனக்கு அடுத்த பட்டை உண்டு என்று முதல் நாளிலேயே சொல்லிவிட முடிகிறது. ஆசிரியருக்குப் பிடித்தவரா, யாருடைய மகள், நகரத்திலிருந்து வருகிறாரா தோட்டத்திலிருந்து வருகிறாரா என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் இடமில்லை. கீழ்ப்படிகளில் இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பும் தேவைப்படுவதில்லை. தகுதி பெற்ற எல்லாருமே ஏறலாம். படிப்பதற்கு நூல் இருக்கிறது, அதை வீட்டில் இருந்தே படிக்கலாம் என்பதும் தொலைவில் வசிக்கும் பிள்ளைக்கு ஓர் ஆதாயம். அங்கே சீமேன் நிலையை எட்டிய கேடட் பின்னாளில் கடற்படையில் சேர்ந்தால், சில நிபந்தனைகளோடு, சற்று உயர்ந்த ஊதிய நிலையில் தொடங்கும் வாய்ப்பும் உண்டு. இந்தச் சலுகை அந்த நாட்டுக்கு உரியது. இங்கே அதை எதிர்பார்த்து யாரும் கணக்குப் போடக் கூடாது.

ஆனால் அமெரிக்க முறையை அப்படியே எடுத்துக்கொள்ள நினைக்கும் நண்பர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று பாடநூலைப் பற்றியது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அமெரிக்கப் பயிற்சி நூல்களை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், கடலில் ஆபத்தாக முடியக்கூடிய பிழை ஒன்று அவர்கள் மனத்தில் பதியும். உலகின் மிதவைக் குறியீடுகள் இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மலேசியா உள்ளிட்ட முதல் மண்டலத்தில், கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்புறமும் பச்சை மிதவை வலப்புறமும் இருக்க வேண்டும். அமெரிக்கக் கண்டங்களையும் ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றையும் உள்ளடக்கிய இரண்டாம் மண்டலத்தில் இது நேர்மாறு. அமெரிக்க மாலுமி, திரும்பி வரும்போது சிவப்பு வலப்புறம் என்று பாடமாகவே மனனம் செய்கிறார். நம் கடற்படைத் தளம் உள்ள லூமுட்டில் அதை நம்பிப் படகைச் செலுத்தினால் ஆழமான கப்பல் வழிக்கு வெளியே போய்த் தரைதட்டும். கப்பலின் பக்க விளக்குகள் மட்டும் உலகெங்கும் ஒன்றே: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எந்தப் பாடம் எங்கும் பொருந்தும், எது இடத்துக்கு இடம் மாறும் என்பதைப் பிரித்தறிந்து கற்பிக்கும் ஆள் இல்லாமல் நூலை மட்டும் இறக்குமதி செய்வது சரியாகாது.

இன்னொன்று, எழுத்துத் தேர்வின் மொழி. எங்கள் பிரிவில் தேர்வு வைத்தால் அது மலாய்மொழியில் இருக்கும், இருக்கவும் வேண்டும்; கவாத்துக் கட்டளைகளும் கடற்படையின் பேச்சும் அம்மொழியிலேயே உள்ளன. ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்று முதலாம் படிவத்துக்கு வந்து சில மாதங்களே ஆன பிள்ளைக்கு, தெரிந்ததைப் பேசிச் சொல்லவும் செய்து காட்டவும் முடிகிற அளவுக்கு எழுத வருவதில்லை. திண்டே காசே முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய சிறுமியிடம் அதன் பயனை மூன்று வரியில் எழுதச் சொன்னால் தடுமாறுவாள். அவளுடைய மலாய் எழுத்து இரண்டு ஆண்டுகளில் தேறிவிடும். அதற்காக அவளுடைய முதல் பட்டையை இரண்டு ஆண்டுகள் நிறுத்திவைப்பது, மொழிப்பாடத்தின் குறையைக் கயிற்றுப் பாடத்தில் தண்டிப்பதாகும். எனவே கீழ்ப்படிகளுக்குச் செய்முறையும் வாய்மொழியும் போதும், எழுத்துத் தேர்வு மேற்படியில் வரட்டும் என்பதே என் துணிபு. அமெரிக்காவிலும் தேர்வு நடுப்படியிலேயே தொடங்குகிறது என்பதை எழுத்துத் தேர்வை வலியுறுத்துவோர் கவனிக்கலாம்.

பிரிட்டனின் கடற்படை கேடட் இயக்கம் மிகப் பழையது. கிரைமியப் போர் முடிந்த 1856ஆம் ஆண்டில் கென்ட் மாவட்டத்தின் விட்ஸ்டபிள் என்னும் கடலோர ஊரில் தொடங்கிய இளைஞர் குழுவிலிருந்து தன் வரலாற்றை அது எண்ணுகிறது. 10 முதல் 18 வயது வரையிலானோர் சேரலாம். அங்கே என்னைக் கவர்ந்தது, பதவியும் தொழில்திறனும் இரண்டு தனித்தனிக் கோடுகளாக ஓடுவதுதான். கேடட், முதல்நிலைக் கேடட், ஆர்டினரி கேடட், ஏபிள் கேடட், லீடிங் கேடட், பெட்டி ஆபீசர் கேடட் என்று பதவிகள் ஒருபக்கம் உயர்கின்றன. படகோட்டுதல், கப்பற்கலை, இயந்திரவியல், சமையல், முதலுதவி எனத் திறன்களுக்கான சின்னங்களை மற்றொரு பக்கம் தனியே ஈட்டிக்கொள்ளலாம். மேல்நிலைப் பதவிகளுக்குத் தேர்வுக்குழுவின் முன் நின்று, அணியை நடத்திக்காட்டி, கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பெரிதாகக் குரலெழுப்பிக் கட்டளையிட இயலாத, ஆனால் இயந்திரத்தைப் பிரித்து மாட்டுவதில் கைதேர்ந்த பிள்ளைக்கு இதில் மதிப்பான இடம் இருக்கிறது. கடற்படையில் நான் கண்ட மிகச் சிறந்த மாலுமிகளுள் சிலர் அப்படிப்பட்டவர்களே. நம் சீருடை இயக்கங்களில் நன்றாகக் கத்துகிறவரே தலைவர் என்ற எண்ணம் வேரூன்றியிருப்பதால், இந்தப் பிரிவினையை நாம் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தச் சின்னங்களுள் பாதி தண்ணீரைக் கேட்பவை. பிரிட்டிஷ் கேடட்டுகளுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு நீர்நிலையும் படகும் கிடைக்கின்றன. எங்களுக்கு லூமுட் கடற்படைத் தளம் காரில் போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் புளுஸ் ஆற்றில், தகுந்த மீட்புப் படகும் பயிற்சி பெற்ற மீட்பாளரும் இல்லாமல் பிள்ளைகளை இறக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். எனவே தண்ணீர்த் திறன்களை ஆண்டு முகாமுக்கு விட்டுவிட்டு, தரையிலேயே முழுமையாகக் கற்கக்கூடியவற்றைத் திறன் பட்டியலில் வைக்க வேண்டும். அவை குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். பூக்கு சீலா, பூங்கா கெத்தி, மானுக், திண்டே காசே ஆகிய நான்கு முடிச்சுகளும், 26 எழுத்துக்கொடிகளும், கடல் வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிப்பதும், விளக்குகளைக் கொண்டு இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வதும், முதலுதவியும் ஒரு பள்ளி மண்டபத்திலேயே அடங்கிவிடும்.

கனடாவின் முறையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1895ஆம் ஆண்டில் வேர்கொண்ட அந்த அமைப்பில் 12 முதல் 18 வயது வரையிலானோர் ஐந்து ஆண்டுக் கட்டங்களாகப் பயில்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் முடிப்பதோடு கீழ்நிலை, இடைநிலைப் பதவிகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. உச்சியிலுள்ள இரண்டு பதவிகளுக்கு மட்டும் தகுதி ஆய்வுக் குழு கூடி, தகுதி பெற்றவர்களுள் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கிறது. நம் இடைநிலைப்பள்ளியின் ஐந்து படிவங்களோடு ஐந்து கட்டங்கள் அழகாகப் பொருந்துவது போலத் தெரிவதால் ஆசிரியர்களுக்கு இது பிடித்துப்போகும். ஆனால் நம் ஐந்தாம் படிவம் தேர்வு ஆண்டு என்பதால் உண்மையில் நமக்குக் கிடைப்பது நான்கு ஆண்டுகளே. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது ஒன்றைத்தான்: கீழே வரம்பில்லாத ஏற்றம், மேலே குழுவின் தேர்வு.

இந்தியாவின் தேசிய மாணவர் படையைத் தமிழ்நாட்டில் உறவினர் இருக்கும் பலர் அறிந்திருப்பார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்தப் படையில் 1952ஆம் ஆண்டில் கடற்படைப் பிரிவு சேர்ந்தது. லீடிங் கேடட், பெட்டி ஆபீசர் கேடட், கேடட் கேப்டன், சீனியர் கேடட் கேப்டன் என்று பதவிகள் உண்டு. ஆனால் அங்கே பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் விசாரிப்பது பதவியை அன்று, சான்றிதழை. 'ஏ', 'பி', 'சி' என்ற மூன்று சான்றிதழ்களும் பயிற்சிக் காலத்தையும் தேர்வையும் பொறுத்தவை; 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்கு இராணுவ அதிகாரிச் சேர்க்கையில் தனி வாய்ப்பே இருக்கிறது. பதவி என்பது பிரிவை நடத்தத் தேவையான சிலருக்குப் போகும். சான்றிதழோ தேறிய எல்லாருக்கும் கிடைக்கும். இதனால் பதவி கிடைக்காத பிள்ளையும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. நமக்கு அத்தகைய தேசியச் சான்றிதழை உருவாக்கும் அதிகாரம் இல்லை என்றாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு திறன் பதிவுப் புத்தகம் வைத்து, தேறிய ஒவ்வொரு திறனுக்கும் நாளிட்டுக் கையெழுத்திட்டு, பள்ளியை விட்டுப் போகும்போது தலைமையாசிரியரின் முத்திரையோடு கொடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் இது. கோயில் கமிட்டியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் ஒன்றாக அமர்பவர்களின் பிள்ளைகளே திடலிலும் நிற்கிறார்கள். ஆசிரியர் எவ்வளவு நேர்மையாகத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு வீட்டில் மனக்கசப்பு மிஞ்சும், அந்தச் சுமை அவர்மேல் விழுவது அநியாயம். மாணவர்களே வாக்களிப்பது என்ற யோசனை இன்னும் மோசமானது. கட்டளை ஏற்பவர்களின் பிரியத்தால் கட்டளையிடுபவர் அமையும் அணியில் யாரும் யாரையும் திருத்த முடியாது.

ஆகவே என் பரிந்துரை இது. முதல் இரண்டு பட்டைகளுக்கு எண்ணிக்கை வரம்பே இருக்கக் கூடாது. பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் கழிந்து, நான்கு முடிச்சு, அடிப்படைக் கவாத்து, சீருடைப் பராமரிப்பு, இடப்பக்க வலப்பக்க விளக்குகள் ஆகியவற்றைச் செய்தும் சொல்லியும் காட்டும் எந்தப் பிள்ளையையும் முதல் பட்டைக்குப் பரிந்துரைக்க வேண்டும். அடுத்த ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கொடிகள், திசைகாட்டி, முதலுதவி ஆகியவற்றில் தேறியவருக்கு இரண்டாவது பட்டை. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் மூன்றாம் படிவத்துக்குள் இரண்டையும் பெற்றுவிட முடியும். லஸ்கார் கானானுக்கு நிகரான அடுத்த நிலைக்கு எழுத்துத் தேர்வு ஒன்றைச் சேர்க்கலாம். அதற்குள் மொழி கைவசப்பட்டிருக்கும். பிந்தாரா நிலைக்குத் தேர்வுக்குழு வேண்டும். அந்தக் குழுவில் பொறுப்பாசிரியர் ஒருவரும், வேறு பள்ளியின் ஆசிரியர் ஒருவரும், கடற்படையில் பணியாற்றிய ஒருவரும் இருக்கட்டும். எந்த வேட்பாளருக்கும் உறவினராக இருப்பவர் அந்த நாளில் விலகிக்கொள்ள வேண்டும். இந்தத் தேர்வை நான்காம் படிவத்தின் நடுப்பகுதியில் வைத்தால், தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குத் தலைமை தாங்கிப் பழக ஏறக்குறைய ஓராண்டு கிடைக்கும். ஐந்தாம் படிவத்தில் அவர் படிப்பின் பக்கம் திரும்பும்போது அடுத்தவர் தயாராக இருப்பார்.

வருகையை அறவே தள்ளிவிடச் சொல்லவில்லை. கப்பல் புறப்படும் நேரத்துக்கு வராத மாலுமியைக் கப்பல் காத்திராது. நேரம் தவறாமை இந்தப் பயிற்சியின் உயிர். ஆனால் வர முடியாமல் போனதும் வராமல் இருந்ததும் வேறு என்பதைப் பதிவேடு காட்ட வேண்டும். முன்கூட்டியே தகவல் சொன்ன பிள்ளைக்கு அந்த வாரப் பாடத்தை ஈடுசெய்யும் வாய்ப்பு வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பக்கமே போய், அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் மண்டபத்திலோ கோயில் திடலிலோ ஈடுசெய்யும் வகுப்பை நடத்தலாம். பள்ளி நிர்வாகத்தின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் பெற்றே இதைச் செய்ய வேண்டும். அனுமதி கிடைத்தால் அந்த வகுப்புகளை நடத்த நான் வருகிறேன் என்று எழுத்திலேயே உறுதி கூறுகிறேன்.

இந்த யோசனைக்கு இரண்டு ஆட்சேபங்கள் எழுந்தன. எல்லார் கையிலும் பட்டை ஏறிவிட்டால் பட்டைக்கு என்ன மதிப்பு என்பது ஒன்று. பட்டையின் மதிப்பு அது இல்லாதவர்களின் எண்ணிக்கையில் இல்லை; அதற்குப் பின்னால் இருக்கும் திறனில் இருக்கிறது. முதல் பட்டை அணிந்த எந்தப் பிள்ளையிடமும் கயிற்றைக் கொடுத்தால் அது முடிச்சுப் போட்டுக் காட்டும் என்ற நிலை இருக்கும்வரை மதிப்புக் குறையாது. ஒரு மாணவர் போட்ட முடிச்சு இழுத்தால் அவிழ்ந்துவிடுகிறது என்றால், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப முயலலாம், ஆனால் தேறும்வரை பட்டை இல்லை. வரம்பில்லாமை என்பது தளர்வு அன்று. மற்றொன்று, இத்தனை சோதனைகளை நடத்த ஆசிரியர்களுக்கு நேரம் ஏது என்பது. இது உண்மையான கவலை. பொறுப்பாசிரியர்கள் ஏற்கெனவே வகுப்பும் எழுத்து வேலையுமாக நெருக்கடியில் இருக்கிறார்கள். கீழ்ப்படிச் சோதனைகளை மேற்பட்டை மாணவர்களே நடத்தி, பயிற்றுநர் ஒருவர் மேற்பார்வையிட்டுக் கையெழுத்திடலாம். சோதிப்பதற்காகவேனும் தாங்கள் கற்றதை மறக்காமல் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் மூத்தவர்களுக்கு ஏற்படும். பிந்தாரா பட்டைக்கான குழுவின் முன் வரும்போது, அவர்கள் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதையே முதல் கேள்வியாக வைக்கலாம்.

முறை மாறும் ஆண்டில் இப்போது நான்காம் படிவத்தில் இருப்பவர்கள் இழப்புக்கு உள்ளாகக் கூடாது. பழைய பழக்கத்தின்படி அடுத்த ஆண்டு தங்களுக்கு மேல்பட்டை கிடைக்கும் என்று நம்பி அவர்கள் உழைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் ஓராண்டு சலுகையாக, திறன் சோதனையை முடித்தால் குழுவின் முன் வராமலேயே பரிந்துரை செய்யலாம். சோதனையிலிருந்து மட்டும் அவர்களுக்கும் விலக்குத் தர வேண்டாம்.

குழு இதை ஏற்றுக்கொண்டால், முதல் சோதனையை ஆண்டுத் தொடக்கத்தின் ஆறாவது வாரத்தில் வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு முழம் கயிறு தேவைப்படும். ஊர்க் கடைத்தெருவில் உள்ள இரும்புக் கடையில் விசாரித்தேன், மொத்தச் சுருளாக வாங்கினால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். நைலான் கயிறு வழுக்கும் என்பதால் புதியவர்களுக்குப் பருத்திக் கயிறே நல்லது. வெட்டிய முனைகள் பிரியாமல் நூல்சுற்றிக் கட்டும் வேலையை நானும் இப்போதுள்ள நான்காம் படிவ மாணவர்களும் விடுமுறையிலேயே முடித்து வைக்கிறோம்.